கடைசி வரி

மருந்துச் சீட்டின் கடைசி வரியை
முனிர்காவில் இரண்டு கடைகளால் படிக்க முடியவில்லை.
முதல் கடைக்காரர் கண்ணாடியைத் துடைத்துப் பார்த்து
இந்தக் கம்பெனியை மூடிவிட்டார்கள் என்றார்.
இரண்டாமவர் படம் எடுத்து யாருக்கோ அனுப்பினார்.
பதில் வரவில்லை. தேநீர் வந்தது, அவருக்கு.
மூன்றாவது கடையில்
ஷகுஃப்தா என்று பெயர் குத்தியிருந்த பெண்
சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்:
தீதி, இது மாத்திரையே இல்லை.
வெயிலில் நடக்கணும். தினம் நாற்பது நிமிஷம்.
மரம் இருக்கிற இடமாக.

எட்டு மாதமாக உறக்கம்
என் வீட்டு விலாசத்தைத் தொலைத்திருந்தது.
காரணம் கேட்டவர்களுக்கு ஆளுக்கொன்று கொடுத்தேன்;
எல்லாமே பொய்யில்லை.
மாடிவீட்டு ஹீட்டர் எந்த நிமிஷம் அணையும்,
விடிவதற்குள் காவலாளி எத்தனை முறை இருமுவார்,
இரண்டும் எனக்கு மனப்பாடம்.

ஜனவரித் தில்லியில் வெயிலுக்கு எங்கே போவது?
பதினோரு மணிக்கு எழுந்து
செல்லாக்காசு போல வானத்தில் ஒட்டிக்கிடக்கும்.
நான்கு நாள் கைப்பேசி சிவப்பில் எச்சரித்தது:
வெளியே போகாதே, காற்று கெட்டிருக்கிறது.
மருத்துவர் போ என்கிறார், காற்று வராதே என்கிறது.
ஜன்னலுக்கு இந்தப் பக்கம்
காலுறை போட்டபடி உட்கார்ந்திருந்தேன்.

ஐந்தாம் இரவு மழை.
விடிந்தபோது மேற்கிலிருந்து வந்த காற்று
ஊரை உதறி மடித்து வைத்திருந்தது.

சஞ்சய் வனத்தின் வாசலில்
பெயிண்ட் டப்பாவில் நெருப்பு வளர்த்துக்கொண்டிருந்த காவலர்
தனியாகவா, உள்ளே நரி உண்டு என்றார்.
நரியோடு எனக்கு வழக்கு எதுவுமில்லை என்றேன்,
தமிழில்.
தலையாட்டி வழிவிட்டார்.

முதல் பத்து நிமிஷம் குளிர் மட்டும்தான்.
காது இருக்கிற இடம் தெரிந்தது,
மூக்கு இருக்கிற இடம் தெரிந்தது.
இவை என்னோடு இருப்பது தெரிந்தே வெகுநாளாயிற்று.
மூச்சு வெளியே வந்து முகத்துக்கு முன்னால்
ஒரு கணம் நின்று, என்னைப் பார்த்துவிட்டுப் போனது.

இருபுறமும் சீமைக்கருவேலம்.
ஊரில் பிடுங்கி எறியத் தீர்மானம் போட்ட அதே மரம்.
இங்கும் பிடுங்கத்தான் போகிறார்களாம்.
அதுவரைக்கும் ஒரு மயில்
நனைந்த தோகையை அதன்மேல் காயப்போட்டிருந்தது.
தவிட்டுக்குருவிகள் ஏழு புதருக்கடியில் கூடி
எங்கள் அலுவலகக் கூட்டம் போல ஒரே நேரத்தில் பேசின;
வித்தியாசம், கலைந்தபோது அவை ஏதோ முடிவெடுத்திருந்தன.

வளைவு தாண்டினால் நீலான்.
ஆள் உயரம், ஈரச் சாம்பல் நிறம்.
அதன் மூச்சும் புகைந்தது, என் மூச்சும்.
இரண்டு புகையும் ஒரே பக்கம் சாய்ந்து போயின.
என்னிடம் கேட்க அதற்கு ஒரு கேள்வியும் இல்லை.
எப்படி இருக்கிறாய் என்றுகூட இல்லை.
அப்படியொரு மரியாதை
எட்டு மாதத்தில் எனக்குக் கிடைத்ததில்லை.

அப்புறம் வெயில் வந்தது. பெரிதாக ஒன்றுமில்லை,
முதுகில் யாரோ வெந்நீர்ப் பை வைத்ததுபோல.
இடிந்த கோட்டைச் சுவரில் சாய்ந்து
கையுறையைக் கழற்றினேன்.
கல்லில் இருந்த சூடு விரலுக்கு வந்தது.

நாற்பது நிமிஷ மருந்தை
ஒன்றே முக்கால் மணி நேரம் உட்கொண்டிருக்கிறேன்.
பக்க விளைவு: பசி.
வாசலில் சுட்ட சர்க்கரைவள்ளியை
எலுமிச்சை பிழிந்து, காரம் தூவி, தொன்னையில் வாங்கி
நின்றபடியே தின்றேன். இன்னொன்று என்றேன்.
மூன்றாவதுக்குக் காசு வாங்கும் முன்
வண்டிக்காரன் என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தான்.

துக்கம் போய்விட்டதா என்றால், இல்லை.
கூடவேதான் வந்தது.
மேட்டில் மட்டும் கொஞ்சம் பின்தங்கியது.

இரவு, கட்டில் ஓரத்தில் காலுறையைப் பார்த்தால்
கணுக்கால் முழுக்க நாயுருவி விதை.
ஒவ்வொன்றாகப் பிய்த்து, எண்ணிக்கொண்டே
எவர்சில்வர் கிண்ணத்தில் போட்டேன்.
பதினேழு வரை எண்ணியது நினைவிருக்கிறது.